நகலைத் தின்ற பயம்

என் பால்ய சிநேகிதர் ஒருவரின் மகளுக்கு வேலை போய்விட்டது. பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கிற ஒரு சிறிய ஆபீஸ். மொத்தம் பன்னிரண்டு பேர். டிப்ளமா படித்துவிட்டு மூன்று வருஷமாக அந்தப் பெண் அங்கே கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு டிராயிங்கின் பைலை அழித்துவிட்டாள் என்பது அவள்மீது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு உண்மைதான், அவளே போய் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதற்காகத்தான் அவள் தண்டிக்கப்பட்டாள் என்று நான் சொல்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதைச் சொல்வதற்காகத்தான்.

"கதை எழுதுகிறவருக்கு இஞ்சினீயரிங் விவகாரத்தில் என்ன வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஆபீஸின் முதலாளியும் அதைத்தான் கேட்டார். எழுதி வைத்தது காணாமற்போனால் வயிறு எப்படி எரியும் என்பது எழுத்தாளனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஐம்பெருங் காப்பியங்கள் என்று மார் தட்டிக்கொள்கிறோமே, அவற்றில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுசாக எங்கே இருக்கின்றன? உரைக்காரர்கள் மேற்கோளாக எடுத்துப் போட்டதிலும் தொகுத்து வைத்ததிலும் தப்பிய சில செய்யுட்கள்தாம் மிச்சம். பிரதி எடுத்தவன் கை ஓய்ந்த இடத்தில் நூல் செத்துப்போயிற்று. அன்று ஏட்டுக்கு நேர்ந்தது இன்று பைலுக்கு நேர்கிறது. ஆகையால் இது என் விவகாரமும்தான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே கட்சிக்காரருக்கு இரண்டு கொட்டகைகள். முதல் கொட்டகையின் அஸ்திவார டிராயிங் தயாராகிவிட்டது. சைட்டில் வேலை தொடங்கவில்லை. இரண்டாவதற்குப் புதிதாகத் தாள் தயார் செய்ய வேண்டும். இந்த மாதிரிச் சமயத்தில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். முதல் டிராயிங்கைத் திறந்து, எல்லைக் கோட்டையும் தலைப்புக் கட்டத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருந்ததையெல்லாம் துடைத்தாள். பிறகு அதை வேறு பெயரில் சேமித்திருக்க வேண்டும். கை பழக்கத்தில் சாதாரண 'ஸேவ்' பொத்தானை அழுத்திவிட்டு, பைலை மூடிவிட்டாள். அரை மணி கழித்து மூத்த இஞ்சினீயர் முதல் கொட்டகைக்கு ஒரு பிரிண்ட் கேட்டார். திறந்து பார்த்தால், வெறும் சட்டம். உள்ளே படம் இல்லை.

"உள்ளங்கால் சில்லிட்டுப் போச்சு பெரியப்பா" என்றாள் என்னிடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

அவள் வரைந்துகொண்டிருந்தது ஆட்டோகேட் என்ற மென்பொருளில். 1982-ல் முதன்முதலாக வெளிவந்து, உலகம் முழுவதும் டிராயிங் பலகையையும் டீ ஸ்கொயரையும் பரணில் ஏற்றிவிட்டது அதுதான். அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நாம் ஒரு பைலைச் சேமிக்கும்போது, அதற்கு முந்திச் சேமித்திருந்த உருவத்தை அது அழித்துவிடுவதில்லை. அதே பெயரில், வாலை மட்டும் 'பி.ஏ.கே.' என்று மாற்றி, பக்கத்திலேயே வைக்கிறது. அந்த வாலை 'டி.டபிள்யூ.ஜி.' என்று திருத்தித் திறந்தால் பழைய டிராயிங் அப்படியே வந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு தலைமுறை ஞாபகம்தான். ஒரே ஒரு விருந்தாளி அறை உள்ள வீடு மாதிரி; புதிய விருந்தாளி வந்தால் பழையவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். இன்னொரு தரம் 'ஸேவ்' அழுத்தினால் அதிலும் வெறும் சட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தானாகவே சேமித்துக்கொள்கிற ஏற்பாடும் ஒன்று உண்டு. வழக்கமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தாற்காலிகமாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். ஆனால் டிராயிங்கை முறையாக மூடினால் அந்தப் பிரதி தானே அழிந்துவிடும். கரண்ட் போனால், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது அது. 'ரெகவர்' என்று ஒரு கட்டளையும் இருக்கிறது. அது கெட்டுப்போன பைலைச் சரிப்படுத்தும். மனுஷி தன் கையாலேயே காலி செய்து முறையாகச் சேமித்த பைல் கெட்ட பைல் அல்ல. அது நல்ல பைல், காலியான பைல். யந்திரத்துக்கு அதில் ஒரு குறையும் தெரியாது.

ஆக, அந்தப் பெண்ணுக்கு உள்ளங்கால் சில்லிட்ட அந்த நிமிஷத்தில் டிராயிங் உயிரோடுதான் இருந்தது. பக்கத்திலேயே, வேறு வாலோடு, பத்திரமாக இருந்தது. அவளுக்கு இந்த விவரம் தெரியாது. மூத்த இஞ்சினீயருக்குத் தெரியும். "அண்ணா, இப்படி ஆகிவிட்டது" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

ஏன் கொடுக்கவில்லை?

அதற்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொரு பையன் ஒரு பைலைத் தொலைத்தான். முதலாளி அவனை நடு ஹாலில் நிற்கவைத்து, எல்லோரும் கேட்க, அவன் படிப்பையும் வளர்ப்பையும் சேர்த்து ஏசி, அன்று மாலையே கணக்குத் தீர்த்து அனுப்பினார். அதை இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த ஹாலில் எல்லோரும் ஒரு பாடம் படித்தார்கள். 'ஜாக்கிரதையாக இரு' என்ற பாடத்தைக் கற்பித்ததாக முதலாளி நினைத்துக்கொண்டார். 'அகப்பட்டுக்கொள்ளாதே' என்ற பாடத்தைத்தான் அவர்கள் படித்தார்கள்.

எனவே இந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. பிரிண்டர் ரிப்பேர் என்று ஒரு பொய் சொன்னாள். அலமாரியிலிருந்து முதல் கொட்டகையின் பழைய தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அதே பைலில் மறுபடியும் வரையத் தொடங்கினாள். நல்ல பழக்கமுள்ள பெண்ணாதலால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சேமித்தாள். முதல் தரம் சேமித்தபோதே பக்கத்தில் உயிரோடிருந்த பிரதி போய்விட்டது. இரவு ஒன்பது மணி வரைக்கும், தான் எதைத் தேடி அழுதுகொண்டிருந்தாளோ அதைத் தானே கொன்றுவிட்டது தெரியாமல், அவள் வரைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தவளுக்கு நடுராத்திரியில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அவள் பார்த்து வரைந்த தாள், திருத்தத்துக்கு முந்தின தாள். தூண்களை அஸ்திவாரத்தோடு பிணைக்கிற போல்ட்டுகளின் இடைவெளி அதில் 300 மில்லிமீட்டர். பிற்பாடு அது 350 ஆகத் திருத்தப்பட்டிருந்தது. அந்தத் திருத்தம் பைலில் மட்டும்தான் இருந்தது. பழைய அளவிலேயே கான்கிரீட் போட்டுவிட்டால், பட்டறையிலிருந்து வருகிற இரும்புத் தூணின் அடித்தகடு போல்ட்டில் உட்காராது. கான்கிரீட்டை உடைக்க வேண்டும். அல்லது, அதைவிட ஆபத்து, யாராவது துவாரத்தை அறுத்துப் பெரிதாக்கி எப்படியோ ஒப்பேற்றுவார்கள். அந்தக் கூரைக்கு அடியில் நாளைக்கு நூறு பேர் நின்று வேலை செய்வார்கள்.

வாசகர்களே, இந்த இடத்தில் அந்தப் பெண்ணுக்கு எதிரில் இரண்டு வழிகள் இருந்தன. சும்மா இருந்திருக்கலாம். தவறு வெளியாக மாதங்கள் ஆகியிருக்கும். வெளியானாலும் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது. அவள் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் முதலாளியின் மேஜைக்கு எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

பிறகுதான் ஆபீஸின் 'பாக்கப்' டிஸ்கை எடுத்து வந்து பார்த்தார்கள். அது நிறைந்துபோய் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பதினான்கு மாதமாக அதில் ஒரு பைலும் புதிதாக ஏறவில்லை. மாலைதோறும் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிகிறது, பிரதி ஏறுகிறது என்று எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 

பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த மாதச் சம்பளத்தையும் நஷ்டத்துக்கு என்று பிடித்துக்கொண்டார்கள்.

நான் அந்த முதலாளியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், மரியாதை தெரிந்தவர். என் நாவல் ஒன்றைப் படித்திருக்கிறார். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, உங்க பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கறேனுங்க. ஆனா இரக்கம் பார்த்தா தொழில் நடக்காதுங்க. இன்னைக்கு ஒருத்தரை விட்டா, நாளைக்குப் பத்துப் பேரு அஜாக்கிரதையா இருப்பாங்க."

"டிஸ்க் நிறைந்து பதினான்கு மாதம் ஆயிற்றே, அது யாருடைய அஜாக்கிரதை?" என்று கேட்டேன்.

"அதை மாசா மாசம் வந்து பார்க்கிற பையன் ஒருத்தன் இருக்கானுங்க. அவனையும் நிறுத்திட்டேன்."

காப்பியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவருக்கு அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். அவரைப் போன்றவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பதால் பொதுவில் சொல்வதே பொருத்தம்.

அந்த டிராயிங்கை அழித்தவர் முதலாளிதான். அந்தப் பெண் செய்தது ஒரு கைத் தவறு. இரண்டு நிமிஷத்தில் திருத்தக்கூடிய தவறு. அதைத் திருத்த முடியாததாக ஆக்கியது, இரண்டு மாதம் முன்னால் நடு ஹாலில் அவர் போட்ட கூச்சல். பைல்களைப் பொறுத்தவரை இது உபசாரப் பேச்சு அல்ல. நேரடியான தொழில் உண்மை. தொலைந்த பைல் தொலைந்த மாத்திரத்தில் முற்றும் அழிந்துவிடுவதில்லை. பழைய பிரதியாகவோ, தாற்காலிகக் கோப்பாகவோ, டிஸ்கில் இன்னும் மேலெழுதப்படாத இடமாகவோ எங்கேயாவது கொஞ்ச நேரம் மூச்சை வைத்துக்கொண்டிருக்கிறது. அதை மீட்பதற்கு முதல் விதி ஒன்றே ஒன்று: கையை எடு, வேலையை நிறுத்து, சத்தம் போட்டுச் சொல். பயந்தவனால் முடியாத காரியங்கள் இந்த மூன்றும்தாம். பயந்தவன் கை நிற்காது. எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அழுத்தலிலும் ஒரு நகல் போகும்.

"தண்டனை இல்லாவிட்டால் ஒழுங்கு இராது" என்பது பழைய வாதம். தவறு செய்தால் டிராயிங் அல்ல, உயிர்களே போகக்கூடிய ஒரு தொழிலில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளுக்காக ஓர் ஏற்பாடு நடந்து வருகிறது. தான் செய்த தவறை விமானி தானே எழுதி அனுப்பலாம். அதை வாங்கிக்கொள்வது தண்டிக்கும் அதிகாரம் படைத்த இலாகா அல்ல. 'நாஸா' என்ற வேறு ஸ்தாபனம். பெயரை நீக்கிவிட்டுத்தான் விஷயத்தைப் பயன்படுத்துகிறார்கள். வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதிவிட்டால், விதிமீறலுக்கான தண்டனையிலிருந்து அநேகமாக அவருக்கு விலக்குக் கிடைக்கும். வானத்தில் இருநூறு உயிர்களைச் சுமந்து செல்கிறவனுக்கே இந்தச் சலுகை கொடுத்தால்தான் உண்மை வெளிவரும் என்று கண்டிருக்கிறார்கள். நமது முதலாளிகள் மட்டும், ஒரு கொட்டகை டிராயிங்குக்கு அதைவிடக் கடுமையான தர்மசாஸ்திரம் வைத்திருக்கிறார்கள்!

கம்ப்யூட்டர் உலகத்திலிருந்தே ஒரு சம்பவம் சொல்லலாம். 'கிட்லேப்' என்ற கம்பெனி, மென்பொருள் எழுதுகிறவர்களின் வேலையைப் பாதுகாத்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டது. 2017 ஜனவரி 31-ந் தேதி, வேலை நேரம் முடிந்தும் போராடிக்கொண்டிருந்த ஒரு இஞ்சினீயர், ஒரு கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியதை இன்னொரு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். ஓரிரு வினாடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட் போய், 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. பாக்கப்பைத் தேடினார்கள். ஐந்து வித ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் நம்பி எடுக்கும்படியாக இல்லை. தினமும் பிரதி போய்ச் சேர வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. 'பிரதி எடுக்க முடியவில்லை' என்று யந்திரம் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு, ஒருவருக்கும் சேரவில்லை. கோயம்புத்தூர் பச்சை விளக்கின் பெரியண்ணன் என்று அதைச் சொல்லலாம். கடைசியில், ஆறு மணி நேரம் முன்னால் வேறு ஏதோ சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி கிடைத்தது. அந்த ஆறு மணி நேர வேலை மட்டும் நஷ்டமாயிற்று.

அந்தக் கம்பெனி பிறகு செய்ததுதான் முக்கியம். நடப்பதை அப்போதைக்கப்போது ஊரறிய எழுதினார்கள். மீட்பு வேலையை எல்லோரும் பார்க்கும்படி ஒளிபரப்பினார்கள். பின்னர் வெளியிட்ட அறிக்கையில், அழித்தவர் பெயரைப் போட்டுச் சந்தியில் நிறுத்தவில்லை. 'ஏன் ஐந்தும் பலிக்கவில்லை, அதைச் சோதித்துப் பார்ப்பது யார் பொறுப்பு' என்று தங்களையே கேட்டுக்கொண்டார்கள். கேள்வி அப்படி அமைந்தால்தான் அடுத்த தடவை விளக்குக்குப் பின்னால் உண்மையில் பிரதி இருக்கும்.

"டிஸ்குக்கெல்லாம் பணம் எங்கே போறதுங்க?" என்றும் அந்த முதலாளி கேட்டார். பணமில்லாதவர்களின் கதை வேறு. பணமுள்ளவர்களும் இதையே சொல்கிறார்கள். தென் கொரியாவில் 2025 செப்டம்பர் 26-ந் தேதி, டேஜோன் நகரில் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்று தீப்பிடித்தது. அரசாங்க ஊழியர்கள் தங்கள் வேலைகளைச் சேமித்து வைத்திருந்த பொதுக் களஞ்சியம், 858 டெராபைட், அதில் அழிந்தது. வெளியே ஒரு பிரதி இல்லை. அளவு மிகப் பெரியது, ஆகையால் பிரதி எடுக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பொருள் பெரிது என்பதால் பூட்டுப் போடவில்லை என்கிற மாதிரி இருக்கிறது!

இன்னும் ஒரு சமாதானம் சொன்னார்: "இப்ப எல்லாத்தையும் இண்டர்நெட்டுக்கே போயிடற மாதிரி வெச்சுட்டேனுங்க." மகிழ்ச்சி. ஆனால் இங்கே காலி செய்தால் அங்கேயும் காலியாகிற ஏற்பாடு என்றால் அது கண்ணாடி, நகல் அல்ல. நான் முகத்தில் கரி பூசிக்கொண்டால் கண்ணாடியில் இருக்கிறவனும் பூசிக்கொள்வான். நேற்றைய முகத்தையும் போன வாரத்து முகத்தையும் தனித்தனியாக எடுத்து வைப்பதற்குத்தான் நகல் என்று பெயர். அதிலும் டிராயிங் என்பது தனியாக நிற்கிற பிராணி அல்ல. ஒன்று இன்னொன்றைத் துணைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். எழுத்துரு ஓரிடத்திலும் அடித்தளப் படம் வேறிடத்திலும் இருக்கும். ஒரு பைலை மட்டும் காப்பாற்றி வைத்தால், திறக்கும் நாளில் பாதிப் படம் வராது. ஆகவே, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொழில் தெரிந்தவர்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். சரியான கணக்கு. நான் அதோடு இரண்டு சேர்க்கச் சொல்கிறேன். மாதத்தில் ஒரு நாள், முதலாளியே வந்து உட்கார்ந்து, ஏதாவது ஒரு பழைய பைலைப் பெயர் சொல்லி, "இதை நகலிலிருந்து மீட்டுக் காட்டு" என்று கேட்க வேண்டும். அதற்கு ஆகும் ஒரு மணி நேரத்தைச் சம்பளத்தோடு கூடிய வேலையாகக் கணக்கில் எழுத வேண்டும். இரண்டாவது, வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே, "பைல் போய்விட்டால் கையை எடுத்துவிட்டு உடனே சொல், சொன்னவரை நான் தண்டிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். டிஸ்குக்குப் பணம் ஆகும். இந்த வாக்குக்குப் பணம் ஆகாது. ஆனாலும் டிஸ்க் வாங்குகிற முதலாளிகளைப் பார்க்க முடிகிறது. இதைக் கொடுக்கிற முதலாளியைப் பார்ப்பது அரிதாக இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு வேறோர் ஆபீஸில் இடம் கிடைத்துவிட்டது. சம்பளம் கொஞ்சம் குறைச்சல். போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். இப்போது அவள் பையில் சொந்தமாக ஒரு சின்ன டிஸ்க் வைத்திருக்கிறாள், பி.ஏ.கே. வாலைப் பற்றியெல்லாம் கரைத்துக் குடித்திருக்கிறாள். "இனிமேல் பயமில்லை, இல்லையா கண்ணு?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்:

"பைல் போனால் மீட்டுருவேன் பெரியப்பா. ஆனால் மீட்க முடியாமல் போச்சுன்னா, அன்னைக்குக் காலையில் போய் நின்ன மாதிரி இன்னொரு தரம் போய் நிற்பேனான்னு தெரியலை."

அந்த முதலாளி பிடித்துக்கொண்ட ஒரு மாதச் சம்பளம் பெரிதல்ல. அவளிடமிருந்து அவர் பிடித்துக்கொண்டது இது. இதற்கு எந்த டிஸ்கில் நகல் இருக்கிறது?